மார்கழிக்கு மார்க்கையன்கோட்டை

குளிர்காலம் வந்தால் பறவைகள் இடம் மாறி வேடந்தாங்கலுக்கு வருகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்த சமாசாரம். மனிதர்களும் அப்படி இடம் மாறுகிறார்கள் என்று என் மகள் அமெரிக்காவிலிருந்து டெலிபோனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் பகுதிகளிலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பனி கொட்ட ஆரம்பித்ததும் வீட்டைப் பூட்டிவிடுகிறார்களாம். அடுப்பும் கட்டிலும் உள்ளேயே அமைந்த பெரிய வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு தெற்கே அரிஸோனா பாலைவனத்துக்குப் போய்விடுகிறார்களாம். அங்கே குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். கோடையில் சில ஆயிரம் பேர் கூடத் தேறாத அந்த ஊரில், குளிர்காலத்தில் லட்சக் கணக்கில் கூட்டம் கூடுகிறதாம். வெயில் காய்வதும், பக்கத்து வண்டிக்காரரோடு கதை பேசுவதும்தான் அவர்களுக்கு வேலை. 'பனிப் பறவைகள்' என்று அவர்களுக்குப் பெயராம்.

"நீயும் அப்பாவும் அதைத்தானே அம்மா செய்கிறீர்கள்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். வாஸ்தவம்தான். நாங்களும் கார்த்திகை தீபம் முடிந்ததும் சென்னை வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறோம். தை முடிந்துதான் திரும்புகிறோம். ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் பாலைவனத்தில் நெல் விளைகிறது!

மார்க்கையன்கோட்டை என்ற பெயரைக் கேட்டதும், கோட்டை எங்கே, அகழி எங்கே என்று தேட வேண்டாம். தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சின்னமனூரில் இறங்கி, குச்சனூர் போகும் சாலையில் திரும்பினால் சிறிது தூரத்தில் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றங்கரையில் உள்ள பேரூர். ஊரைச் சுற்றி வயல், வாழை, தென்னை. கிழக்கே மேகமலை, மேற்கே கேரளத்து எல்லை மலை. நடுவில் பச்சைப் பாய் விரித்தாற்போல் கம்பம் பள்ளத்தாக்கு.

பாலைவனம் என்று சொன்னது முழுக்க வேடிக்கை அல்ல. மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் ஆனி, ஆடியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். மேகமெல்லாம் அங்கேயே தீர்ந்துபோய், இந்தப் பக்கம் வெறும் காற்றாகத்தான் வந்து சேரும். மழை மறைவுப் பிரதேசம் என்று புஸ்தகத்தில் எழுதுவார்கள். மலையில் பிறந்த பெரியாறோ மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான், அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. ஜான் பென்னிகுவிக் என்ற ஆங்கிலேய இஞ்சினீயர் 1887இல் வேலையைத் தொடங்கினார். காட்டு வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போயிற்று. மலேரியா எத்தனையோ கூலியாட்களைக் கொண்டுபோயிற்று. ஆனாலும் 1895இல் அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் போட்டு, தண்ணீரை நம் பக்கம் இறக்கிவிட்டார்கள். இன்று இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்றால் அந்தக் கணக்கில் பத்துப் பதினைந்து ஏக்கர் கண்ணுக்குத் தெரியும்!

எங்கள் வீடு என்றா சொன்னேன்? என் கணவரின் சிற்றப்பா வீடு அது. பிள்ளைகள் வெளியூர் போனதால் பூட்டிக் கிடந்தது. அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், "ஒரு மாதம் போய் இருந்து பார்ப்போமே" என்று கிளம்பினோம். அந்த ஒரு மாதம் வருஷா வருஷம் இரண்டரை மாதம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் சகோதரிகளிடம் ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். புருஷனுக்கு ஓய்வு வந்தால் பெண்டாட்டிக்கும் ஓய்வு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றிருந்த காபி நாலாக ஆகும். மத்தியானம் வெறும் மோர் சாதத்தோடு முடித்துக்கொண்டிருந்த நீங்கள், குழம்பு, ரசம், பொரியல் என்று முழுச் சமையல் செய்ய வேண்டும். "பேப்பர் எங்கே, கண்ணாடி எங்கே?" என்ற கேள்விகள் பகல் முழுவதும் தொடரும். அவருக்குப் பிரிவுபசாரம் நடத்தி மாலை போட்டார்கள். நான் முப்பத்துநாலு வருஷம் சர்வீஸ் போட்டேன். எனக்கு யார் மாலை போட்டார்கள்?

மார்க்கையன்கோட்டைக்கு வந்த முதல் வாரமும் அப்படித்தான் ஓடியது. அவர் திண்ணையில் அமர்ந்தபடியே, "காபி கொண்டு வா!" என்று குரல் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அம்மாள் தூக்குச் சட்டியோடு நடவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். வாசலில் நின்று, கவலையோடு என்னைக் கேட்டார்:

"ஏன் தாயி, தம்பிக்கு ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தானே அக்கா இருக்கார்!"

"இல்லே, உக்காந்த எடத்துலேயே காப்பித் தண்ணி கேக்குறாகளே, அதான் கேட்டேன்" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே விசாரித்தார். போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையில் விழித்துப் பார்க்கிறேன். பக்கத்தில் ஆளைக் காணோம். சொம்போடு தெருக்கோடிக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வருகிறார்! முப்பத்துநாலு வருஷம் நான் சொல்லி நடக்காதது, அந்த அம்மாளின் ஒரு கேள்வியில் நடந்துவிட்டது.

அது முதல் எங்கள் மார்கழி நாள் எப்படிப் போகிறது, கேளுங்கள்.

விடியற்காலையில் மேகமலை முழுக்கப் பனியில் மறைந்திருக்கும். வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் பூசணிப் பூ வைப்பதற்கு எனக்குக் கிடைக்கும் இடம், சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரியது! கோலம் முடியும்போது பனி விலகி மலை ஒவ்வொரு மடிப்பாக வெளியே வரும். அவர் போட்ட காபியை (சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், சொல்லிவிடாதீர்கள்) திண்ணையில் உட்கார்ந்து குடிப்பேன். கொடைக்கானல் பண்பலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்.

முதல் போக அறுவடை முடிந்து, மார்கழியில் இரண்டாம் போக நடவு நடக்கும் காலம் அது. அறுவடைக்கு மெஷின் வந்துவிட்டது. நடவு இன்னும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான். வரிசையாகக் குனிந்து பின்னாலேயே நகர்ந்து அவர்கள் நாற்று நடும் வேகத்தைப் பார்த்தால், நாம் ஊசியில் நூல் கோக்கும் நேரத்தில் ஒரு பாத்தி முடிந்துவிடும் போலிருக்கும். சேற்றைக் கிளறியதும் எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கும்.

மத்தியானச் சமையல் ஒரு குழம்பு, ஒரு காய். பச்சை மொச்சை சீஸன். காயை உரித்துக் குழம்பு வைத்தால் வேறொன்றும் வேண்டியதில்லை. உரிப்பது அவர் டிபார்ட்மெண்டு! சின்னமனூர்க் கடைவீதிக்குப் போனால் வாழையில் எத்தனை ரகம்! செவ்வாழை ஒரு சீப்பு வாங்கினால் கை வலிக்கிறது. பன்னீர் திராட்சை கேட்கவே வேண்டாம். கறுத்த, கொட்டையுள்ள, வாசனை மிகுந்த அந்தப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனாலும் கொடியிலிருந்து அன்று பறித்ததை அன்றே வாயில் போட்டுக்கொள்ளும் ருசி, குறியீட்டோடு பட்டணம் வந்து சேர்வதற்குள் பாதி போய்விடுகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் இளவெயில். அரிஸோனாக்காரர்கள் ஆயிரக்கணக்கான மைல் வண்டி ஓட்டிப் போய்க் காய்கிற அதே சூரியன்தான்! சாயங்காலம் ஆற்றங்கரை வரை ஒரு நடை. சனிக்கிழமையானால் குச்சனூர். சுயம்புவாகச் சனீசுவரர் எழுந்தருளியிருக்கும் தலம். பக்கத்தில் சுரபி நதி. ஆடி மாதச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். மார்கழியில் நிதானமாக எள் தீபம் ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வரலாம். "உத்தியோகத்தில் இருந்தபோது சனி பகவான் ஆபீஸுக்கே வந்துவிடுவார், இப்போது நாம் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது" என்பார் அவர்.

பொங்கல் வந்தால் இந்தப் பள்ளத்தாக்குக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. பென்னிகுவிக் பிறந்தது 1841 ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வருகிறதல்லவா? பாலார்பட்டி போன்ற கிராமங்களில் அந்த வெள்ளைக்கார இஞ்சினீயர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். யாரோ ஒருவர் தம் உத்தியோகத்தை ஒழுங்காகப் பார்த்ததற்காக, நூறு வருஷம் கழித்தும் பால் பொங்குகிறது! அதைப் பார்த்த அன்று என் கணவர் வெகு நேரம் பேசவில்லை. "நான் முப்பத்தாறு வருஷம் பைல் பார்த்தேனே, அதில் எது மிஞ்சும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பொங்கலை இலையில் வைத்துக் கொடுத்தேன்.

ஒரு நாள் எதிர்வீட்டு அம்மாளிடம் என் பழைய குறையைச் சொன்னேன். "அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லையே, அக்கா!"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஒங்களுக்காச்சும் ஓய்வுன்னு ஒரு வார்த்தை இருக்கு, தாயி. எங்களுக்கு நடவு இருக்கு, களையெடுப்பு இருக்கு. நடுவுலே மழை பேஞ்சா அன்னிக்குத்தான் லீவு" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் குறையை நான் யாரிடமும் சொல்வதில்லை. பென்னிகுவிக்கின் தண்ணீரை நெல்லாக மாற்றியவை இந்தக் கைகள்தாமே! இவற்றுக்கு மண்டபம் யார் கட்டினார்கள்?

போன கார்த்திகையில் நாங்கள் வந்து இறங்கியபோது அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டுவிட்டதாம், நடவுக்குப் போவதில்லை. காலையில் மற்றப் பெண்கள் தூக்குச் சட்டியோடு போகும்போது, தெருக்கோடி வரைக்கும் அவர்களைக் கண்ணால் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். "எப்படி அக்கா பொழுது போகுது?" என்று கேட்டேன். "உக்காந்து பாக்குறேன் தாயி. இன்னும் பழகலே" என்றார்.

மறுநாள் என் கணவர் காபி போட்டார். எனக்கு ஒரு தம்ளர் வைத்தார். இன்னொரு தம்ளரை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனார். அந்த அம்மாள் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"பாத்தீகளா தாயி, இப்ப நான் உக்காந்த எடத்துலேயே காப்பித் தண்ணி குடிக்கிறேன்!"

சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கண் மட்டும் வயல் பக்கம் இருந்தது. தை முடியும் மட்டும் அந்தத் தம்ளர் தினமும் போய் வந்தது.

நீங்களும் வர நினைத்தால் இரண்டொரு வார்த்தை. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன மதுரை–போடி ரெயில், 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடி வந்துவிட்டது. சென்னையிலிருந்து நேராகவே ரெயில் இருக்கிறது. ஓடும் கிழமைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு ஏறிப் படுத்தால் காலையில் தேனி. சின்னமனூர் சுமார் 25 கிலோமீட்டர் பஸ் பிரயாணம். கம்பளி ஒன்று, கொசுவலை ஒன்று, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து மூன்று மாதத்துக்கு மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் கச்சேரி போய்விடுமே என்று சபா ரசிகர்கள் வருந்தலாம். வருந்தத்தான் வேண்டும், அதற்கு என்னிடம் மாற்று மருந்து இல்லை.

மார்க்கையன்கோட்டைதான் என்பதில்லை. உங்களில் பலருக்கும் எங்கேயோ ஓர் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று இருக்கும். இந்த மார்கழிக்கு அதைத் திறந்து பாருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: போகும்போது, காபிப் பொடி டப்பாவை உங்கள் பெட்டியில் வைக்காதீர்கள், அவர் பெட்டியில் வையுங்கள்!