ஐம்பது ரூபாய் பிடித்தம்

2003-ஆம் ஆண்டு ஆடி மாதம். கோர்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் குழந்தை. புருஷன் செத்துப் பதினோரு நாள். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர், பிணமாகத்தான் மேலே வந்தார். வயது 35.

"வெள்ளைப் பேப்பர்ல கைநாட்டு வாங்கிக்கினாங்கோ ஐயா. அதுல இன்னா எழுதிக்கீதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பிறந்தவர்களுக்குத் தோல் ஷாப்பு நாற்றத்தை விவரிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோலில் முடி உதிர்வதற்குச் சுண்ணாம்பும் சல்பைடும் போடுவார்கள். பிறகு குரோம் ஏற்றுவதற்கு முன் உப்பும் அமிலமும் போடுவார்கள். இந்த இரண்டு தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு கூடக்கூட மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று ஒருவன் நினைக்கிற நேரம்தான் உயிர் போகிற நேரம். இப்படிப்பட்ட இடத்தில் ஆளை இறக்குவதற்கு முன் காற்றைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் வேண்டும் என்றது அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு. இறந்தவர் இடுப்பில் கட்டியிருந்தது ஒரு துண்டு.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பை இந்தியாவில் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் படிக்கிறார். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று, தோல் ஆலைகள் கெடுத்த நம் பாலாற்றை வைத்து நீதிபதி குல்தீப் சிங் அறிவித்தார். ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார். அந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த கழிவு தொட்டிக்கு வந்ததும், தொட்டியில் இறங்க ஆள் தேவைப்பட்டது. இறங்கியவர்கள் ஊர்த்தெருவிலிருந்து வரவில்லை. காலனியிலிருந்து வந்தார்கள். ஷாப்பில் கணக்கு எழுத, லாரி ஓட்ட, சரக்கு பிரிக்க எத்தனையோ சாதி ஆட்கள் இருந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டிக்கும் கழிவுத் தொட்டிக்கும் ஒரே சாதி.

சாவு விழுந்த அன்று ராத்திரி காலனிக்கு ஒரு கார் வந்தது. மேடையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் இரண்டு கட்சிகளின் உள்ளூர்ப் பிரமுகர்கள் அதில் ஒன்றாக வந்து இறங்கினார்கள். நாற்பதாயிரம் ரூபாயை அண்ணன்காரர் கையில் கொடுத்து, அந்த அம்மாவிடம் கைரேகை வாங்கிக்கொண்டு போனார்கள். போலீஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவில், சந்தேக மரணம் என்று ஒரு வழக்கைப் பதிந்துவிட்டு ஓய்ந்தது. மறுநாள் காலையில் காலனி இளைஞர்களுக்காகப் பேசுகிற கட்சி மறியல் நடத்தியது. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடு என்பது அவர்கள் கோரிக்கை. எனக்கு நன்கு பழக்கமான தொழிற்சங்கச் செயலாளர் அந்தப் பக்கமே வரவில்லை. கேட்டதற்கு, "தோழர், இதுல சாதியக் கொண்டாந்துட்டாங்க. தொழிலாளிக்கு ஏது சாதி? நாம நின்னா சங்கம் உடையும்" என்றார்.

"உங்க சங்கத்துல இருக்கிற மத்த சாதிக்காரங்க யாராவது ஒருத்தர் அந்தத் தொட்டியில இறங்கியிருக்காங்களா தோழர்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நல்ல மனிதர். அவர் பயமும் நியாயமானதுதான்.

அந்தப் பயத்துக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முன்னோடிச் சங்கங்களில் ஒன்று. மூன்றே ஆண்டுகளில், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில், அது சாதியால் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் குற்றம் சாட்டினார். ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா 1923-இல் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார். சங்கம் கூலியைப் பேசியது, ராஜா மானத்தைப் பேசினார். சேரியில் இருந்தவனுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

அந்த அம்மாவின் மனுவை வேலூர் தொழிலாளர் துணை ஆணையர் முன், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இன் கீழ்ப் போட்டேன். அந்தக் கிராமம் அப்போது இ.எஸ்.ஐ. காப்பீட்டு எல்லைக்குள் வரவில்லை. அதனால் இந்தக் கதவு திறந்திருந்தது. எதிர்த்தரப்பு மூன்று வாதம் வைத்தது. அவர் எங்கள் ஆளே இல்லை, காண்டிராக்டர் கூட்டிவந்த தினக்கூலி. குடித்துவிட்டுத் தானாக உள்ளே விழுந்தார். அதையும் மீறி மனிதாபிமானத்தில் நாற்பதாயிரம் கொடுத்துவிட்டோம், கைரேகை இருக்கிறது.

கடைசி இரண்டும் எனக்குக் கவலை தரவில்லை. குடிபோதை என்ற எதிர்வாதம் காயத்துக்குத்தான். சாவு நேர்ந்தால் அது செல்லாது என்று அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே இருந்தது. சாவுக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேராகக் குடும்பத்திடம் கொடுத்தது இழப்பீடாகாது என்றது 8-ஆம் பிரிவு. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் எந்த ஒப்பந்தமும் 17-ஆம் பிரிவின்படி வெறும் காகிதம்.

முதல் வாதம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. மஸ்டர் ரோலில் பெயர் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. பி.எஃப். இல்லை. ஒன்பது வருஷம் வேலை செய்த மனிதர் அந்த ஷாப்பில் இருந்ததற்கு ஒரு வரி எழுத்து இல்லை. கூட வேலை செய்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். சாட்சிக்கூண்டு ஏற மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மூன்றாவது வாய்தாவுக்கு முன்தினம் அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "பால் கணக்கு எழுதறதுக்கு வெச்சிருந்தேன் ஐயா, இது உதவுமா பாருங்கோ." பின்பக்கத்தில் பால் கணக்கு. முன்பக்கத்தைப் புரட்டினேன். ஓரமெல்லாம் சுண்ணாம்பு பட்டு உதிர்ந்திருந்தது. முதல் வரி: அட்வான்ஸ் 3,000. அதன் கீழே வாரம் தவறாமல் சனிக்கிழமைத் தேதிகள். ஆறு நாள், கூலி, பிடித்தம் 50, மீதி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பச்சை மையில் ஒரு சுருக்கொப்பம்.

ஷாப்பின் கணக்குப்பிள்ளை எதிர்த்தரப்புச் சாட்சியாகவே வந்தார். இறந்தவரைப் பார்த்ததே இல்லை என்று முதல் விசாரணையில் சொல்லியிருந்தார். குறுக்கு விசாரணையில் நோட்டைக் கையில் கொடுத்தேன். அவர் சட்டைப்பையில் பச்சை மைப் பேனா இருந்தது. ஒரு தாளைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார். பால் கணக்கு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "இந்தச் சுருக்கொப்பம் யாருடையது?" என்று கேட்டேன். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. "என்னுதுதான் சார்" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் மாதச் சம்பளக்காரர், அடுத்த நாள் அதே ஷாப்புக்குப் போக வேண்டியவர். அந்த வார்த்தைக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அவரை அந்தத் தொட்டியோடு கட்டிப்போட்டது அந்த மூவாயிரம் ரூபாய்க் கடன். அவர் அங்கே தொழிலாளியாக இருந்தார் என்பதற்கு இருந்த ஒரே எழுத்தும் அதுதான்.

உத்தரவு வர இரண்டரை வருஷம் ஆனது. இறந்தவர் ஆலையின் தொழிலாளியே, காண்டிராக்டர் ஆள் என்று வைத்துக்கொண்டாலும் 12-ஆம் பிரிவின்படி ஆலையே பொறுப்பு என்றார் ஆணையர். மாதக் கூலி 2,400, அதில் பாதி 1,200, வயது 35-க்கான காரணி 197.06. பெருக்கினால் 2,36,472 ரூபாய். நாற்பதாயிரத்தில், சட்டம் அனுமதித்த மூன்று மாதக் கூலியான 7,200 மட்டும் கழிந்தது. 12 சதவீத வட்டி தனி. முழுத் தொகையைக் கட்டினால்தான் மேல்முறையீடு செய்யலாம். கட்டினார்கள், மேல்முறையீடு செய்யவில்லை.

பல வருஷம் கழித்து அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தைப் பற்றிப் படித்தேன். 1968 பிப்ரவரி 1, மழைக்குக் குப்பை லாரியின் உள்ளே ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள் அதன் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். மணிக்கூலி ஆட்கள் என்பதால் குடும்பங்களுக்குச் சட்டப்படியான இழப்பீடு கிடைக்கவில்லை. சங்கத்தை அங்கீகரிக்க மேயர் மறுத்தார். 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். "நான் ஒரு மனிதன்" என்று எழுதிய அட்டைகளோடு தெருவில் நடந்தார்கள். கூலிக்கும் நிறத்துக்கும் சேர்த்து நடந்த ஊர்வலம் அது. அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். படித்து முடித்த ராத்திரி அந்தப் பால் கணக்கு நோட்டுதான் கண்முன் நின்றது.

நம் பக்கம் தொட்டிச் சாவுகள் நிற்கவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டும் இல்லை, காலனியும் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு சாவு விழுந்தால், அன்று ராத்திரி வருகிற காரில் யார் வந்தாலும் வெற்றுத் தாளில் கைரேகை வைக்காதீர்கள். மனுப் போட இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. கூலி எழுதிய, கடன் எழுதிய நோட்டு எதுவாக இருந்தாலும், கிழிந்திருந்தாலும், எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போங்கள்.