பின் சீட்டுக்கு அடியில் ஒரு தவில்! - ஜி.பி. ரோட்டில் ஒன்றரை நாள்

"ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போகணும்" என்றால் சென்னை ஆட்டோக்காரர்களே ஒரு நொடி யோசிப்பார்கள். "ஜி.பி. ரோடு" என்று சொல்லிப் பாருங்கள். "வண்டிக்கு என்ன சார், சீட் கவரா?" என்று அவர்களே கேட்பார்கள். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் பிரியும் இந்தச் சாலையில் இரண்டு பக்கமும் கார் ஆக்சஸரீஸ் கடைகள்தான். கார் வேகத்தைக் குறைத்தாலே போதும், நான்கு பையன்கள் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டுவார்கள்.

அன்று எங்கள் கண்ணாடியையும் தட்டினார்கள். உள்ளே நான், பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்த மாமா, பின் சீட்டில் அம்மாச்சி. வண்டி, மாமாவின் இசுசு வி-கிராஸ். இரண்டு வரிசை சீட், பின்னால் திறந்த தொட்டி. 2018-ல் கஜா புயல் தென்னந்தோப்பைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, நாற்று ஏற்ற இறக்க செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அம்மாச்சியின் முட்டி வலிக்கு மருத்துவரைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வண்டியில்தான் சென்னைக்கு வருவார்கள். ஏழெட்டு மணி நேரப் பயணம்.

மாமாவின் ஆசை எளிமையானது. வண்டியில் ராஜா பாட்டு கேட்கும்போது பேஸ் கிடார் காதில் விழ வேண்டும். அதற்கு சப்-வூஃபர் வேண்டும். காராக இருந்தால் டிக்கியில் ஒரு பெட்டியை வைத்துவிடலாம். பிக்கப்புக்கு டிக்கி ஏது? தொட்டியில் வைத்தால் ஒரே மழையில் முடிந்தது கதை. ஊர்ப்பக்கத்தில் ஒரு கடையில் போன வருடம் ரெடிமேட் பெட்டி ஒன்றைப் பின் சீட்டின் மேலேயே பெல்ட் போட்டுக் கட்டிக் கொடுத்தார்களாம். "அது உக்காந்திருந்துச்சு, நான் ஒடுங்கிக்கிட்டு வந்தேன்" என்றார் அம்மாச்சி.

மிச்சம் இருப்பது ஒரே இடம். பின் சீட்டுக்கு அடியில்.

மூன்று கடைகளில் ஏறி இறங்கினோம். எல்லோரும் காட்டியது ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்தே வரும் ரெடிமேட் அண்டர் சீட் வூஃபர். தட்டையாக, அலுமினியப் பெட்டி மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். மாமா கேட்டுப் பார்த்தார். "கொட்டாங்குச்சில தட்டுற மாதிரி இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டார். நான்காவது கடைக்காரர்தான் பக்கத்துச் சந்தைக் காட்டினார். "பாய் கிட்ட போங்க. டைம் எடுப்பாரு, ஆனா செய்வாரு."

சந்துக்குள் ஒரு ஷட்டர் அகலத்தில் மரப்பட்டறை. மரத்தூள், ஃபெவிகால் வாசம், சுவர் ஆணிகளில் கொத்துக் கொத்தாக அட்டைகள். பாய் விலை பேசவில்லை, என்ன வூஃபர் என்றும் கேட்கவில்லை. பின் கதவைத் திறந்து, அம்மாச்சியை ஸ்டூலில் உட்காரவைத்து, சீட்டின் அடிப்பாகத்தை மேலே மடக்கிவிட்டு உள்ளே தலையை நுழைத்தார். ஜாக்கி, டூல்ஸ் பை, ஒரு பழைய துண்டு, இரண்டு தேங்காய் வெளியே வந்தன.

தரை அங்கே சமமாக இல்லை. நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம், பின்னால் போகப்போக உயரம் குறைகிறது. பாய் ஒரு பழைய டிவி அட்டைப்பெட்டியை எடுத்து, வெட்டி வெட்டிப் பொருத்திப் பார்த்தார். அரை மணி நேரம் அதுமட்டும்தான் நடந்தது. எனக்கு அந்த வேலை முழுவதிலும் பிடித்தது இந்த அரை மணி நேரம்தான். டேப்பைவிட அட்டையைத்தான் அவர் நம்பினார்.

மாமா தன் கனவை அவிழ்த்தார். "12 இன்ச், ரெண்டு போட்ருங்க பாய்."

"போடலாம் சார். சீட்டு ரெண்டு விரக்கடை மேல நிக்கும். லாக் விழாது."

"பரவால்ல, ஃபோம் கொஞ்சம் அமுங்கும்ல..."

பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாச்சியைப் பார்த்தார். "லாக் ஆகாத சீட்டுல இந்த அம்மாவ உக்காரவெச்சு பட்டுக்கோட்டை வரைக்கும் ஓட்டுவீங்களா? ஒரு பிரேக் அடிச்சா?"

மாமா தேங்காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, 10 இன்ச் ஒண்ணு" என்றார்.

இனி கொஞ்சம் கணக்கு. பெட்டியின் உள்நீளம் 70 சென்டிமீட்டர், அகலம் 28. உயரம் முன்னால் 14, பின்னால் 10, சராசரி 12. பெருக்கினால் 23 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஸ்பீக்கரின் உடம்பு அடைக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 22 லிட்டர். கன அடியில் முக்கால். காற்றுப் போக வழியில்லாத மூடிய பெட்டியில், ஆழம் குறைந்த 10 இன்ச் வூஃபருக்கு இது தாராளம். இன்னொரு வகையில் குழாய் வைத்துக் காற்றை வெளியே விடுவார்கள். சத்தம் கூடும், ஆனால் பெட்டியும் பெரிதாகும். இங்கே அதற்கு இடமில்லை.

சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தால் சத்தம் அமுங்கிப் போகாதா என்ற சந்தேகம் எனக்கு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். வண்டியே அஞ்சேகால் மீட்டர்தான்! இவ்வளவு நீள அலை எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. மெத்தையும் அதைத் தடுக்காது. அதனால் ஸ்பீக்கரைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து, கீழே ஒரு இன்ச் இடைவெளி விட்டார் பாய். அப்போதுதான் சீட் ஃபோம் கோனில் உரசாது.

பலகை, 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட். பல பெட்டிகள் எம்.டி.எஃப்-பில்தான் செய்யப்படுகின்றன. "தோட்டத்து வண்டி சார். சேறு வரும், ஓஸ் வெச்சு அடிப்பீங்க. எம்.டி.எஃப் தண்ணி குடிச்சா ரஸ்க்கு மாதிரி உப்பிடும்." பசை தடவி, நெருக்கமாக ஸ்க்ரூ போட்டு, உள்மூலைகளில் சிலிக்கான் பூசி, ராத்திரி முழுக்கக் காயவிட்டார். ஒரு நாளில் முடிந்துவிடும் என்று நம்பிப் போன நான் ஆபீஸுக்கு இன்னொரு லீவ் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை ஒரு சோதனை. வூஃபரை மாட்டி, கோனை உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டார். அது சட்டென்று எழாமல் சோம்பேறித்தனமாக மேலே வந்தது. காற்று கசியவில்லை என்று அர்த்தமாம். போதாதென்று ஊதுபத்தி ஏற்றி, இணைப்புகள் ஓரமாகவே கொண்டுபோனார். ஒரு மூலையில் புகை துடித்தது. அங்கே மறுபடி சிலிக்கான்.

ஒயரிங்கில் மட்டும் அவர் கறார். நல்ல செம்பு ஒயர்தான், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ். "ஃபியூஸ் ஆம்ப்புக்கு இல்ல சார், ஒயருக்கு. வழியில எங்கியாவது தேஞ்சு பாடில பட்டா தீப்பிடிக்கும்." கம்பெனி ஒயர் எதையும் வெட்டவில்லை. ஜாக்கிக்கும் டூல்ஸுக்கும் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கையகல இடம் விட்டிருந்தார். தேங்காய்க்கு இடமில்லை.

சீட்டை இறக்கினார். 'க்ளிக்'. லாக் விழுந்தது.

செலவு எவ்வளவு? அத்தை இந்தக் கட்டுரையைப் படிப்பார் என்பதால் எழுத வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டார்.

முதல் பாட்டு ராஜாதான். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்து அம்மாச்சிக்காக ஒரு நாகஸ்வரக் கச்சேரி. அவருக்குச் சில வருடங்களாகக் காது மந்தம். போனில் நாம் பேசினால் சத்தம் கேட்கிறது, வார்த்தை புரிவதில்லை. வயதாகும்போது பெரும்பாலும் உச்ச ஒலிகள்தான் முதலில் தேயும். தாழ்ந்த ஒலி கடைசிவரை ஓரளவு தங்கும். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால், அந்தக் கச்சேரியில் தவில்காரர் தொப்பிப் பக்கம் குச்சியால் ஓங்கிக் கொடுத்தபோது அம்மாச்சி நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்கும்வரை யோசித்ததில்லை.

"தவுலு... முதுகுல கேக்குதுடா" என்றார். தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஒரு அடிகூடத் தப்பவில்லை.

மாமா வால்யூமைக் கூட்டக் கை நீட்டினார். "போதும் சார். கதவு மூடுன வண்டில ஏழு மணி நேரம் இப்டி கேட்டா இருக்கற காதும் போயிடும்" என்று பாய் குறைத்துவிட்டார். அம்மாச்சிக்கு அது கேட்கவில்லை. தாளம் நிற்கவும் இல்லை.

கிளம்பும்போது அந்த அட்டையை ஞாபகத்துக்குக் கேட்டேன். பாய் தரவில்லை. மார்க்கரால் 'வி-கிராஸ், பின் சீட்' என்று எழுதி சுவர் ஆணியில் மாட்டினார். அதற்கு முன்னால் தொங்கியவற்றைப் புரட்டினேன். குவாலிஸ், ஆல்டோ, டாடா சுமோ. சுமோ அட்டையின் ஓரத்தைக் கரையான் கொஞ்சம் தின்றிருந்தது.

"ரெடிமேட் வந்ததுலருந்து மாசத்துக்கு நாலஞ்சுதான் வருது" என்றார், எழுதிய மார்க்கரைக் காதில் செருகியபடி. வெளியே, இரண்டு கார் மறிக்கிறது என்று எங்கள் வண்டிக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.