செவிக்கு இட்ட மதிப்பெண்

பணி ஓய்வு பெற்ற அந்தத் தமிழாசிரியருக்கு ஒலிகள் கேட்காமல் போய்விடவில்லை. வாயிற்கதவின் கிறீச்சொலி கேட்டது. தெருவில் செல்லும் பேருந்தின் உறுமல் கேட்டது. பேத்தி அழைப்பதும் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்பதுதான் விளங்கவில்லை. “தெளிவாகப் பேசம்மா” என்று கடிந்துகொள்வார். “தெளிவாகத்தான் பேசுகிறேன், தாத்தா” என்று அவள் முகம் வாடும். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் உச்சரிப்பைத் திருத்தியவர் அவர். குறை பேசுபவரிடமே இருக்கும் என்பது அவருக்குப் பழகிப்போன முடிவு.

மகளின் வற்புறுத்தலால் செவித்திறன் ஆய்வுக்குச் சென்றார். வெளி ஓசை புகாத சிற்றறையில் அமர வைத்து, ஹெட்போனை மாட்டினார்கள். முதலில் வாக்கியங்கள் ஒலித்தன. ஏறக்குறைய அனைத்தையும் பிழையின்றித் திரும்பச் சொன்னார். பின்னர் ஒவ்வொன்றாக 25 தனிச்சொற்கள். சொல்லுக்கு 4 விழுக்காடு. அவர் சரியாகச் சொன்னவை 16. நூற்றுக்கு 64 என்று தாளில் எழுதப்பட்டது.

“வாக்கியத்தில் தவறவில்லையே?” என்று வினவினார்.

“வாக்கியத்தில் உங்கள் தமிழ் துணைக்கு வந்துவிடுகிறது, ஐயா. தனிச்சொல்லில் காது மட்டுந்தான்” என்றார் ஆய்வாளர்.

இந்த வேறுபாட்டை முதலில் உணர்ந்தவர்களுள் தொலைபேசிப் பொறியாளர்களும் உண்டு. கம்பிவழிச் செல்லும் பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பதை எண்ணால் அறியும் முயற்சியை அமெரிக்காவில் ஜார்ஜ் கேம்பெல் 1910இல் வெளியிட்டார். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி பிளெட்சரும் ஸ்டைன்பெர்க்கும் 1929இல் அம்முறையை விரிவாக எழுதினர். ஒருவர் பொருளற்ற அசைகளைப் படிப்பார். மறுமுனையில் இருப்போர் கேட்டதை எழுதுவர். நூற்றுக்கு எத்தனை சரி என்று கணக்கிடுவர். பொருளுள்ள சொல்லாயின் மனம் ஊகித்துவிடும். வினாத்தாளை முன்பே பார்த்துவிட்ட மாணவனுக்குத் தேர்வு வைத்து என்ன பயன்?

உயிரொலிகள் வலிமையானவை, தாழ்ந்த அதிர்வெண்களில் ஓங்கி ஒலிப்பவை. மெய்யொலிகளை வேறுபடுத்தும் நுண்குறிப்புகளோ மெலிந்தவை; அவற்றுள் பல உயர்ந்த அதிர்வெண்களில் அமைந்தவை. முதுமை முதலில் கைவைப்பது அங்கேதான். குரல் கேட்கும், சொல் நழுவும்.

பிழைபட்ட சொற்களின் பட்டியலை அவர் வாங்கிப் பார்த்தார். ஒலித்தது ‘உழவு’, அவர் சொன்னது ‘உளவு’. ஒலித்தது ‘கழி’, அவர் சொன்னது ‘களி’. நாநுனி மேலண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியலை எத்தனை முறை நடத்தியிருப்பார்! அவ்வியல் ஒலியைப் பிறப்பிக்கும் உறுப்புகளைக் கூறுவது. கேட்கும் செவி அதன் பொருளன்று.

பணியின் இறுதியாண்டில் நடந்த ஒப்புவித்தல் போட்டி அவர் நினைவுக்கு வந்தது. ‘வாழை’யை ‘வாளை’ என்றதாக ஒரு மாணவிக்கு அவர் ஒரு மதிப்பெண் குறைத்தார். “சரியாகத்தான் சொன்னேன், ஐயா” என்று அவள் இருமுறை கூறினாள். அந்த ஒரு மதிப்பெண்ணில் முதற்பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அன்று பிழைத்தது அவள் நாவா, இவர் செவியா? அன்றைய செவியை இனி எவராலும் அளக்க முடியாது.

செவித்துணைக் கருவி வந்தபின், மாலைதோறும் பேத்தி புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சொற்களைப் படிக்கிறாள். அவர் கேட்டதை நோட்டில் எழுதுகிறார். அவருடைய பழைய சிவப்புமைப் பேனாவால் அவள் திருத்துகிறாள். நேற்று 25க்கு 19.