இன்னும் 20 ரூபாய் தானே!

போன மாசம் ஹாஸ்டல்ல போக்கர் ஆடி 340 ரூபாய் விட்டேன். மெஸ் பில்லுக்கு வெச்சிருந்த காசு :-(

நான் பிக் பிளைண்ட். கட்டாயமா வைக்கிற 10 ரூபாய் ஏற்கனவே உள்ளே. பட்டன் சீட்ல இருந்த ரூம்மேட் 30 ஆக்கினான். மத்தவங்க விலகிட்டாங்க. என் கையில ராஜாவும் 6-ம். 'பத்து போட்டாச்சு, இன்னும் 20 தானே'ன்னு போட்டேன். (சங்க் காஸ்ட் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவன் நான்!)

வினையே அங்கதான். ஃபிளாப்புல இருந்து மூணு ரவுண்டும் நான்தான் முதல்ல பேசணும். அவன் என்னைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவான். விழுந்தது ராஜா, 9, 4. ஜோடி சேர்ந்தாச்சு, ஆனா துணைச்சீட்டு வெறும் 6. நான் பெட் வெச்சு அவன் ஏத்தினா முழிக்கணும். செக் பண்ணா விலையை அவன் வைப்பான், வேணும்னா காசே இல்லாம அடுத்த சீட்டைப் பார்த்துக்குவான். செக் பண்ணேன். 30, 80, 200-ன்னு கேட்டான். மூணு தடவையும் கட்டினேன். அவன்கிட்ட ராஜாவும் ராணியும்.

செக் பண்ணது தப்பில்லைங்க. ஏத்தினவன்கிட்ட பேச்சை விடறதுதான் பெரும்பாலும் சரி. அப்பப்போ நல்ல கையை வெச்சுக்கிட்டே செக் பண்ணி, அவன் வெச்சதும் ஏத்தணும். இல்லேன்னா நம்ம செக்கைப் பார்த்தாலே அடிக்க ஆரம்பிச்சிடுவான்.

தப்பு அந்த 20 ரூபாய்ல. 65 ரூபாய் பாட்டுக்கு 20, அதாவது 31 சதவீதம் ஜெயிச்சா போதும். முதல்ல பேசுறதுக்கான செலவு அந்தக் கணக்குல வராதே!

இப்பல்லாம் ராஜா-6 வந்தா மடக்கிடறேன். மெஸ் பில்லுக்கு அவன்கிட்டயே கடன் வாங்கியிருக்கேன்.