சாரத்தின் மேலே கேட்கும் இந்தி

பெயிண்ட் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். பட்டி காய வேண்டும். தேய்த்துவிட்டு அடித்த பிரைமர் காய வேண்டும். முதல் கோட்டிங் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. ஈரத்தோடு அடுத்ததை ஏற்றினால், வருகிற மழைக்குள் சுவர் கொப்புளம் கொப்புளமாக உப்பிவிடும். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், சாலையோரம் கட்டி முடித்திருந்த ஒரு மாடி வீட்டில், பெயிண்டிங் மேஸ்திரியின் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது "சூக்னே தோ, பையா" என்பதுதான். காயட்டும் தம்பி, விடு. சாரத்தில் நின்ற பையன் "அச்சா அண்ணா" என்று சொல்லி, பிளேடை வாளி விளிம்பில் வழித்து வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

மேஸ்திரிக்குச் சொந்த ஊர் சின்னமனூர். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அப்பா சுண்ணாம்பை ஊறவைத்து, நீலம் கலந்து, மட்டையால் வெள்ளையடித்த காலத்து ஆள். இவர் இளவயதில் புனேவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் பெயிண்ட் வேலை பார்த்திருக்கிறார். இந்தி அங்கே ஒட்டிக்கொண்டது. "அங்கிட்டு நான் ஊமை மாதிரி நின்னேன் தம்பி. என்ன சொல்றாகன்னு விளங்காது, வயிறு வலிச்சாச் சொல்லத் தெரியாது. இப்ப இந்தப் பயலுக இங்கிட்டு வந்து அப்படி நிக்கிறாங்க" என்றார். அவரோடு வேலை செய்தவர்களில் சிலர் பீகாரிகள், சிலர் மேற்கு வங்கத்தின் மால்டா பக்கத்து ஆட்கள். உள்ளூர் ஆட்களும் இருந்தார்கள்.

ஆட்கள் எப்படி இடம் மாறினார்கள் என்று அவர் விளக்கிய விதம் எளிமையானது. கம்பம் பள்ளத்தாக்கில் தொழில் பழகிய பெயிண்டர்கள் குமுளி ஏறி, கேரளத்தில் கூடுதல் கூலிக்கு வேலை செய்கிறார்கள். அடுத்த தலைமுறை திருப்பூர், கோவை, சென்னை என்று போய்விட்டது. காலியான இடத்துக்கு வடக்கிலிருந்து ஆள் வருகிறது. ரயிலும் உதவியிருக்கிறது. 2010 கடைசியில் நின்றுபோன மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை, அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் திரும்பி வந்தது. இப்போது சென்னை சென்ட்ரலில் இருந்து போடிக்கு நேர் ரயில் இருக்கிறது. பாட்னாவிலோ ஹவுராவிலோ ஏறிய ஒருவர் சென்ட்ரலில் வண்டி மாறினால் காலையில் தேனியில் இறங்கிவிடலாம். இறங்கியபின் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைப்பதுதான் பாடு.

மேஸ்திரியின் இந்தியில் இலக்கணம் தேடக்கூடாது. ஆனால் வேலைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. பட்டி மாவில் தண்ணீர் குறைந்தால் 'காடா', கூடினால் 'பத்லா'. கெட்டியாக இருந்தால் பிளேடு இழுக்காது. நீர்த்துப்போனால் சுவரில் நிற்காது, காய்ந்ததும் வெடிப்பு விடும். கலந்த பட்டியைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து பாய்ந்து வீசும் மாதங்களில் அது இன்னும் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால், "தோடா தோடா பனாவோ", கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கு, என்று காலையிலேயே சொல்லிவிடுகிறார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது 'கிஸாயி'. மேலே 'ஊப்பர்', கீழே 'நீச்சே', ஏணி 'சீடி', ஈரம் 'கீலா'. தேய்த்து முடித்ததும் பல்பைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கிறார். நேராகப் பார்க்கும்போது வழவழவென்று தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கின்றன. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, "யஹாங் பிர் ஸே" என்கிறார். இங்கே மறுபடியும். மால்டா ஆள் ஒருவர் அந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரே இழுப்பில் பட்டியை நிரப்பினார். தாளின் கனம்கூட இல்லாத பூச்சு. அந்த மணிக்கட்டின் அளவு எந்த மொழியிலும் சொல்லிக்கொடுக்க முடியாதது, பார்த்துப் பழகியது.

வடக்கிலிருந்து வந்த எல்லோரையும் இந்திக்காரர் என்று நாம் சொல்லிவிடுகிறோம். மால்டாவில் இருந்து வந்தவர்களுக்கு வீட்டில் வங்காளி. பீகார் ஆட்களுக்கு ஊரைப் பொறுத்து போஜ்புரியோ மைதிலியோ. இந்தி அவர்களில் பலருக்கும் வேலைக்குப் போன இடங்களில் பழகிய மொழி. ஆகவே அந்தச் சாரத்தின் மேலே நடக்கிற பேச்சு, இரண்டு பக்கத்தாருக்கும் தாய்மொழி அல்லாத ஒன்றில் நடக்கிறது. மேஸ்திரி சொற்களைக் குறைத்து, கையைக் கூட்டி, மெதுவாகப் பேசுவது இதனால்தான். வேகமாகப் பேசினால் "ஹாங், ஹாங்" என்று தலையாட்டிவிடுவார்களாம். "தலையாட்டுனா புரிஞ்சிருச்சுன்னு அர்த்தமில்ல தம்பி. திருப்பிச் சொல்லச் சொல்லணும். இல்லாட்டி ஒரு அடி செஞ்சு காட்டச் சொல்லணும்."

இன்னொரு விதியும் வைத்திருக்கிறார். இந்தியில் 'தூ' (நீ) போட்டு யாரையும் கூப்பிடுவதில்லை. தன்னைவிடச் சின்னவரானாலும் 'பையா', வங்காளிகளில் மூத்தவர் என்றால் 'தாதா'. தேனிப் பக்கம் "வாங்கண்ணே" என்பதற்கும் "டேய், இங்க வா" என்பதற்கும் எவ்வளவு தூரமோ, அங்கேயும் அவ்வளவு தூரம் உண்டு. கொச்சையாக இந்தி கற்கும் பலர், ஏவல் வினையை மட்டும் கற்றுக்கொண்டு மரியாதையை விட்டுவிடுகிறார்கள்.

இது தமிழர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம். நூறு ஆண்டுகளுக்கு முன்னால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த ஆங்கிலேயச் சின்னதுரைகள் நம் மக்களை வேலை வாங்குவதற்குத் தமிழ் படித்தார்கள். அவர்களுக்காகக் கொழும்பில் அச்சான கையேடுகளில் ஃபெர்குசன் எழுதிய ஒன்றின் பெயர் 'இங்கே வா'. வெல்ஸ் என்பவர் எழுதிய மற்றொன்றின் பெயரே 'கூலித் தமிழ்'. வேலை வாங்குகிறவன் தொழிலாளியின் மொழியைக் கற்பது நல்ல காரியம்தான். எந்தச் சொல்லில் தொடங்குகிறான் என்பதில் அவன் அந்த மனிதரை எங்கே வைத்திருக்கிறான் என்பது தெரிந்துவிடுகிறது. நம் முன்னோரை அழைத்த அந்தக் குரலில் நாம் இன்னொருவரை அழைக்கக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்றை மேஸ்திரி மதிய உணவின்போது சொன்னார். சில வருஷங்களுக்கு முன் சித்திரை வெயில். இவர் கடைக்குப் போயிருக்கிறார். வெளிச்சுவரில் சாரத்தின் மேல் நின்ற ஒரு பையன் கீழே இருந்த உள்ளூர் உதவியாளிடம் "சக்கர், சக்கர்" என்றிருக்கிறான். தலை சுற்றுகிறது என்று சொன்னது அது. கீழே நின்றவருக்கு அது சர்க்கரையாகக் காதில் விழுந்தது. டீக்குச் சர்க்கரை கேட்கிறான் போல என்று "இருடா, டீ வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்திருக்கிறார். பையன் குறுக்குக் கம்பைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டதால் உயிர் தப்பியது. "அன்னையில இருந்து, என்கிட்ட வர்ற நம்ம ஊர்ப் பயலுகளுக்கு மொதல்ல சொல்லிக்கொடுக்கிறது வேலை வாங்குற வார்த்தை இல்ல. அவங்க நம்மகிட்டச் சொல்ற வார்த்தை."

அந்தப் பட்டியல் சிறியது. சக்கர் என்றால் தலைசுற்றல். தர்த் என்றால் வலி. புகார் என்றால் காய்ச்சல். சாங்ஸ் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் மூச்சுத் திணறல். ஜலன் என்றால் எரிச்சல். பெயிண்ட்டோ தின்னரோ கண்ணில் தெறித்தால் அதுதான் வரும். "டர் லக்தா ஹை" என்றால் பயமாக இருக்கிறது. சாரம் ஆடுகிறது என்று அர்த்தம் கொள்ள வேண்டும். கரண்ட் என்பது நல்லவேளையாக எல்லோருக்கும் கரண்ட்தான். 'ருக்கோ', நில், என்று யார் கத்தினாலும், மேஸ்திரியே ஆனாலும், கை நிற்க வேண்டும்.

வேலை வாங்குவோருக்கான மொழிப்பாடம் என்று எங்கே எதை எடுத்தாலும், அது "இதைச் செய், அதைக் கொண்டுவா" என்றே தொடங்குகிறது. இந்த மேஸ்திரி அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார். முதலில் காது, பிறகுதான் வாய். நான் பார்த்தவரையில் இதுவே சரியான வரிசை.

அமெரிக்காவில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் குழுக்களில் ஸ்பானிய மொழி பேசுவோர் மிகுதி. அவர்களை மேற்பார்வையிடும் ஆங்கிலம் பேசுவோர் அடிப்படை ஸ்பானியம் கற்பது அங்கே வழக்கமாகிவிட்டது. பாதுகாப்புப் பயிற்சி எதுவானாலும் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலேயே தரப்பட வேண்டும் என்று அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்புத் துறை 2010இல் தெளிவாக அறிவித்தது. நம்மிடமும் அதற்கான தேவை குறைவில்லை. ஓர் எடுத்துக்காட்டு: வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு எனாமல் அடித்த கதவு, ஜன்னல், கிரில் எல்லாம் கம்பம், போடி பழைய வீடுகளில் அப்படியே இருக்கின்றன. அவற்றை உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசியில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகமூடி போட வேண்டும், கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. இந்த மூன்றையும் புரியும்படி சொல்ல மேஸ்திரிக்கு மூன்று வாக்கியங்கள் போதும். சொல்லாமல் விட்டால், அந்தப் பையன் தூசியை உடம்பில் ஏற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேருவான்.

கைபேசியில் மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று கேட்டேன். பயன்படுத்துகிறார்கள், மருந்துக்கடையில், வங்கியில். கை முழுக்கப் பட்டியோடு, காற்று இரையும் சாரத்தின் மேலே நிற்பவருக்கு அது உதவாது.

கூலி விஷயத்தில் மொழி இன்னும் கூர்மையான ஆயுதம். வடக்கிலிருந்து வரும் குழுக்களுக்குப் பெரும்பாலும் ஒரு தலைவர் இருக்கிறார், டேக்கேதார் என்பார்கள். இரண்டு பக்கத்து மொழியும் அவருக்கு மட்டுமே தெரியும். நாள் கூலி எவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் பேசுவது ஒன்று, குழுவிடம் சொல்வது வேறொன்று என்று ஆனாலும் கேட்பார் இல்லை. எல்லா டேக்கேதார்களும் அப்படி அல்ல. நேர்மையாகக் குழுவைக் காப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரே ஒரு நாக்கை நம்பி எட்டுப் பேரின் வயிறு இருப்பது ஆபத்து. சின்னமனூர் மேஸ்திரி ஒவ்வொருவரோடும் நேரில் கணக்குப் பேசுகிறார். வாரச் செலவுக்குக் கொடுப்பதை அவர்கள் 'கர்ச்சி' என்கிறார்கள். அது ஒரு நோட்டில் தேதியோடு எண்ணில் ஏறுகிறது. எழுத்து வேறானாலும் 1, 2, 3 எல்லோருக்கும் ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் வாங்கியவரின் கையெழுத்தோ ரேகையோ. ஊருக்குக் கிளம்பும்போது மீதியைக் கழித்துக் கையில் கொடுக்கிறார். அவருடைய அரைகுறை இந்தி செய்திருக்கும் மிகப் பெரிய நன்மை இதுவென்று எனக்குப் படுகிறது.

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியது நினைவிருக்கும். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரத்தில் இவருடைய ஆட்களின் வீடுகளிலிருந்து ஓயாமல் அழைப்பு. ஒரு பையனின் அம்மாவிடம் இவரே கைபேசியை வாங்கிப் பேசியிருக்கிறார். "அம்மாஜி, உங்க மகன் என் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். அந்தம்மா அழுதுச்சு. ரெண்டு பேர் கிளம்பிப் போயிட்டாங்க, மத்தவங்க இருந்தாங்க." அரசு தன் பங்குக்கு உதவி எண்களை அறிவித்தது, காவல்துறை மறுப்பு வெளியிட்டது. ஆனாலும் அந்தத் தாய் நம்பியது, மகனுக்குச் சம்பளம் கொடுப்பவரின் குரலை.

மொழிச் சுமை முழுவதையும் மேஸ்திரியின் தலையில் ஏற்றுவதும் நியாயமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரள எழுத்தறிவு இயக்கம் 2017இல் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைப் பெரும்பாவூரில் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பித்தது; அதற்கென 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூலையும் வெளியிட்டது. மாலையில் ஒரு மணி நேரத் தமிழ் கிடைத்தால் போதும் என்று இங்கே இருப்பவர்களும் சொல்கிறார்கள். பேருந்துப் பலகை படிக்க வேண்டும், மருத்துவரிடம் பேச வேண்டும், கூலியைத் தானே கேட்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. வங்காளி தாதா ஏற்கெனவே "எவ்ளோ", "வேணாம்", "நாளைக்கு" மூன்றையும் பிழையில்லாமல் சொல்கிறார்.

கம்பம் பள்ளத்தாக்கில் வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சுவரில் வேலை செய்பவரின் பெயர், ஊர், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டு எண், இம்மூன்றையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன சக்கர், தர்த் முதலான சொற்களை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் மாவட்ட நிர்வாகமும் அவற்றைத் தமிழ், இந்தி, வங்காளி மூன்றிலும் ஒரு பக்க அட்டையாக அச்சடித்து, தேனி முதல் கூடலூர் வரை பெயிண்ட் கடைகளில் தொங்கவிடட்டும். எந்த மேஸ்திரியானாலும் கலர் கலக்கக் காலையில் அந்தக் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும்.