உஸ்ஸ்ஸ்... சத்தம் வருதா பாஸ்?

கோயம்புத்தூர் பக்கம் பெயின்ட்பால் ஆடியிருக்கீங்களா? ஆடலைன்னா சும்மா படிச்சு வைங்க. ஆடியிருந்தா கண்டிப்பா படிங்க. ஏன்னா, என் நண்பனோட கன்னத்துல நான் போட்ட நீல வட்டம் ஆறதுக்கு முழுசா ரெண்டு வாரம் ஆச்சு!

மாடல் எக்ஸாம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை. காந்திபுரத்துல பஸ் ஏறி, பேரூர் தாண்டி, ஆலாந்துறை பக்கம் இறங்கினோம். சிறுவாணி ரோடு போனவங்களுக்குத் தெரியும்... பாக்குத் தோப்பும் அதுக்குப் பின்னால மலையுமா வால்பேப்பர் மாதிரி இருக்கும். ஆனா அன்னிக்கு சித்திரை வெயில். தகரக் கொட்டாய்க்கு வெளியே மார்க்கர்களை வரிசையா வெயில்லயே சாத்தி வெச்சிருந்தாங்க. ஆமா, அதுக்குப் பேரு துப்பாக்கி இல்லீங்க, மார்க்கர். அமெரிக்காவுல காட்டிலாகாக்காரங்க எந்த மரத்தை வெட்டணும்னு தூரத்துல இருந்தே பெயின்ட் அடிச்சு அடையாளம் போட உண்டாக்கின சாமான் அது. 1981 ஜூன் 27-ல நியூ ஹாம்ப்ஷயர் காட்டுக்குள்ள 12 பேர் அதை வெச்சு முதல் ஆட்டம் ஆடினாங்க. ஜெயிச்சவர் ஒரு குண்டுகூட சுடலையாம். மனுஷன் மரம் வெட்டுறவரு, காட்டுக்குள்ள சத்தமில்லாம நடக்கத் தெரியும். நமக்கு எங்க அதெல்லாம்?

என் கைக்கு வந்த மார்க்கர் எடுத்ததுமே 'உஸ்ஸ்ஸ்'னு பாம்பு மாதிரி சீறிச்சு. கிரவுண்ட்ல இருந்த அண்ணா, "அது அப்படித்தானுங்க தம்பி, ஒரு தட்டுத் தட்டுங்க நின்னுரும்"னார். தட்டினேன். நிக்கலை. ஆடப் போயிட்டேன்.

பத்து நிமிஷத்துல எதிர் டீம்ல இருந்த நம்ம செட் பையனுக்கு மாஸ்க் கண்ணாடியில ஆவி படிஞ்சிருச்சு. ஒண்ணும் தெரியலைன்னு ரெண்டு இன்ச் தூக்கியிருக்கான். அந்த நேரம் பார்த்து நான் சுட்டேன். இருபதடி தூரம்கூட இருக்காது. 'அய்யோ'ன்னு குந்திட்டான். ஓடிப் போய்ப் பார்த்தா, கண்ணுக்கு ஒரு விரக்கடை கீழே கன்னத்துல வட்டமா வீங்கியிருக்கு. ஒரு விரக்கடை! அதுக்கு மேல ஆட்டமாவது ஒண்ணாவது. அவன் "விடுறா மச்சி"ங்கிறான், எனக்கு கை நடுங்குது.

மாஸ்க் தூக்கினது அவன் தப்புதான். ஆனா அந்த அடி ஏன் அவ்வளவு பலமா விழுந்துச்சு? பெயின்ட்பாலோட வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு: செகண்டுக்கு 300 அடி. நம்ம கணக்குல மணிக்கு சுமார் 330 கிலோமீட்டர். பந்தோட எடை 3 கிராம் பக்கம். கிரவுண்ட்ல இந்த வேகத்தை அளக்க குரோனோகிராஃப்னு ஒரு மெஷின் வெச்சிருக்கணும். "அது இருக்குதுங்களாண்ணா?"ன்னு கேட்டேன். அண்ணா மலையைப் பார்த்தார். அப்புறம் அவரே, "நீங்க மெக்கானிக்கல்னு சொன்னீங்கள்ல? எடுத்துட்டுப் போயி என்னன்னு பாத்துக் குடுங்க தம்பி"ன்னு மார்க்கரைக் கையில குடுத்துட்டார்!

கேஸ் பாட்டிலைக் கழட்டி அங்கேயே வெச்சோம். உள்ளே மிச்சமிருந்த கேஸ் போகட்டும்னு, பந்து போடாம தரையைப் பார்த்து ரெண்டு மூணு தடவை டிரிகர் அழுத்தினோம். பிரிக்கிறதுக்கு முன்னாடி இதை யாரும் மறக்கக் கூடாது. அப்புறம் ஜவுளிக்கடை மஞ்சப்பையில சுத்தி டவுன் பஸ்ல மடியில வெச்சுக்கிட்டேன். பக்கத்து சீட் பெரியவர் பையைத் தொட்டுப் பார்த்து, "பம்பு ஸ்பேருங்களா?"ன்னார். ஆமாங்கன்னுட்டேன். இந்த ஊர்ல அது ஒரு வசதி. எந்த இரும்பை எடுத்துட்டுப் போனாலும் பம்பு ஸ்பேர்தான்!

நேரா ஆவாரம்பாளையம். எங்க காலேஜ் லேப்ல குடுக்கலாம்தான், ஆனா லெட்டர் எழுதி கையெழுத்து வாங்குறதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சிரும். ஆவாரம்பாளையத்துக்குள்ள நீங்க நடந்ததில்லைன்னா ஒரு தடவை நடங்க. வாசல்ல கோலம், வீட்டுக்குள்ள லேத்து. ஒரு சந்துல மோட்டார், அடுத்த சந்துல கிரைண்டர், அதுக்கு அடுத்ததுல ஜாப் ஆர்டர். 1937-ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவோட முதல் மின் மோட்டாரைப் பண்ணின ஊராச்சே... அந்த வாசம் இன்னும் கூலன்ட் ஆயிலா வீசுது.

எனக்குத் தெரிஞ்ச லேத் பட்டறை அண்ணா மார்க்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்க தம்பி, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?" விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு போயிருச்சு. ஆலன் கீயை எடுத்தார்.

அது டிப்மேன் 98. வாடகை கிரவுண்டுகள்ல அதிகம் பார்க்கலாம். உடம்பு சிப்பி மாதிரி ரெண்டு பாதியா பிரியும். நான் ஆர்வக்கோளாறுல டக்குனு பிரிக்க, ஸ்பிரிங் ஒண்ணு எகிறிக் குதிச்சு லேத்துக்கு அடியில போயிருச்சு. தேட இருபது நிமிஷம். தீப்பெட்டி சைஸ்ல ஒரு காந்தத்தை நூல்ல கட்டி அண்ணாதான் எடுத்துக் குடுத்தார். பல்பு நம்பர் ஒன்!

உள்ளே என்ன இருக்குங்கறீங்க? ஒரு சுத்தியல், ஒரு வால்வு. டிரிகரை அழுத்தினா சுத்தியல் போய் வால்வை அடிக்கும், கேஸ் ரெண்டு பக்கமும் பாயும். முன்னால பாயுறது பந்தைத் தள்ளும், பின்னால பாயுறது சுத்தியலைப் பழைய இடத்துக்கே தள்ளி அடுத்த அடிக்கு ரெடியாக்கும். "அட, நம்ம நியூமேட்டிக் சிலிண்டர்தானே இது!"ன்னார் அண்ணா. தெர்மல், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ரெண்டும் பாஸ் பண்ணினவன் நான். எனக்குத் தோணலை.

சீறினது எங்கே? பாட்டில் வாயில இருக்கிற ஓ-ரிங்ல. கறுப்பு ரப்பர், ஊதிப் போய் வெடிச்சிருந்துச்சு. கார்பன் டை ஆக்ஸைடு சாதா ரப்பருக்குள்ள ஊறிப் போய் அதை உப்ப வெச்சிரும். அதுக்கு யூரித்தேன் ரிங்தான் தாங்கும். ஹைட்ராலிக் சீல் டப்பாவைக் கவுத்து, அதே அளவுல ஒண்ணை எடுத்து மாட்டினார். விலை கேட்டா, "அஞ்சு ரூவா சாமானுக்கு பில் போடறதுங்களா?"

அடுத்து ஒரு பிசுபிசுப்பு. மோந்து பார்த்தா தேங்காய் எண்ணெய்! கிரவுண்ட்ல யாரோ பாசமா தடவி விட்டிருக்காங்க. கேஸ் விரியும்போது உள்ளே ஜில்லுனு ஆகும், தேங்காய் எண்ணெய் மார்கழி மாசம் மாதிரி உறைஞ்சு உக்காந்துக்கும். மார்க்கருக்குன்னே விக்கிற லேசான எண்ணெய்ல சில சொட்டு, பாட்டில் மாட்டுற வாயில விட்டு, பந்தில்லாம நாலஞ்சு தடவை சுட்டா போதும், அதுவே உள்ளே பரவிக்கும். துரு எடுக்கிற ஸ்ப்ரேயை அடிச்சிராதீங்க, ஓ-ரிங்கைக் கெடுத்திரும். குழாய்க்குள்ள உடைஞ்ச பெயின்ட்டு வெறும் தண்ணியிலயே போயிரும். ஆனா ஈரம் துளியும் இல்லாம துடைக்கணும். பந்தோட தோல் ஜெலட்டின். ஈரம் பட்டா ஊதிக்கும், சிக்கும், உள்ளேயே உடையும்.

இப்ப முக்கியமான ஆளுக்கு வர்றேன். இடது பக்கம் ஒரு ஸ்க்ரூ. இந்த மாடல்ல அதை உள்ளே திருகினா வேகம் குறையும், வெளியே எடுத்தா கூடும். நம்ம மார்க்கர்ல யாரோ ஒரு புண்ணியவான் முழுசா வெளியே எடுத்து வெச்சிருந்தார். 'நல்லா தூரம் போகட்டும்'னு நெனச்சிருப்பார். ஸ்பிரிங்கை அழுத்தி வேகம் மாத்துற மாடல்கள்ல இது அப்படியே உல்டா, உள்ளே திருகினா கூடும். அதனால புக்லெட்டைப் பார்க்காம கை வைக்காதீங்க.

கூடவே வெயில். பாட்டில்ல கார்பன் டை ஆக்ஸைடு திரவமா இருக்கு. 21 டிகிரியில அதோட அழுத்தம் 850 பிஎஸ்ஐ கிட்ட, 31 டிகிரியில 1,070 கிட்ட. காலையில சரியா வெச்ச மார்க்கர் மத்தியானம் சூடா சுடும். அழுத்தக் காத்து பாட்டில்னா இந்தத் தொல்லை குறைவு. ஆனா அதுக்கு 3,000 பிஎஸ்ஐ அடிக்கணும், பஞ்சர் கடை கம்ப்ரஸரால ஆகாது. ஆசைப்பட்டு அங்கே கொண்டு போயிராதீங்க.

எல்லாம் சரி, வேகத்தை அளக்கணுமே? இசிஇ பையன் ஒருத்தனைப் பிடிச்சோம். நீளமான அட்டைப்பெட்டி, 30 சென்டிமீட்டர் இடைவெளியில ரெண்டு ஜோடி இன்ஃப்ராரெட் சென்சார், ஒரு ஆர்டுயினோ. பந்து ரெண்டையும் கடக்க எவ்வளவு நேரம்னு சொல்லும். 300 அடி வேகம்னா 3.3 மில்லி செகண்ட். வெயில் பட்டா சென்சார் உளறுது, அதனால கொட்டாய்க்குள்ள, சாக்கு மூட்டையைப் பார்த்து, எல்லாரும் மாஸ்க் போட்டுக்கிட்டு.

ஸ்க்ரூவை நான் சுட்ட அன்னிக்கு இருந்த மாதிரியே வெளியே எடுத்து முதல்ல அளந்தோம். 2.9. அதாவது 340 அடி. வேகம் 13 சதவீதம்தான் கூட, ஆனா நம்ம அரை எம்வி ஸ்கொயர் இருக்கே... அடி 28 சதவீதம் கூட! கணக்குப் போட்டுட்டு நானும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். கன்னத்துல வட்டம் அப்ப மஞ்சளா மாறியிருந்துச்சு.

கால் சுத்து உள்ளே. 3.2. இன்னும் கொஞ்சம். 3.6. 275 அடி. "போதும்டா"ன்னான்.

கிரவுண்ட் அண்ணா மத்த ஏழு மார்க்கரையும் கொண்டு வந்து வரிசையா வெச்சார், இந்தத் தடவை நிழல்ல. ஒவ்வொண்ணா சுட்டு, நம்பரை சாக்பீஸ்ல கொட்டாய் சுவத்துல எழுதினார். ஆறை வழிக்குக் கொண்டு வந்தாச்சு. ஒண்ணு எவ்வளவு திருகினாலும் 300-க்குக் கீழே இறங்க மாட்டேன்னுச்சு. அதோட கேஸ் பாட்டிலைத் தனியா கழட்டிட்டு, மிச்சத்தை மஞ்சப்பையில சுத்தி என் கையில குடுத்தார்.

மறுபடி ஆவாரம்பாளையம். வழியில காந்திபுரத்துல ஒரு பிளேட் காளான். காசு குடுத்தது நான்தான், இன்னும் ரெண்டு மாசத்துக்கு நான்தானாம்.