பத்தடி அறையில் திருநாள்

தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போதே எங்கள் லயத்தில் பாய்களுக்குத் தட்டுப்பாடு தோன்றிவிடும். அரிசியையும் மாவையும் எண்ணெயையும் கினிகத்தேனைக் கடைவீதியில் கடனுக்கேனும் பெறலாம். பாயைக் கடன் கொடுப்பார் யார்? மேட்டு லயத்திலும் அதே நெருக்கடி. பணிய லயத்திலும் அதே நெருக்கடி. ஆகவே ஐப்பசி பிறந்ததுமே எங்கள் அப்பாயி பேரப்பிள்ளைகளைத் தூதனுப்பிப் பாய் சேகரிக்கத் தொடங்கிவிடுவாள். ஒரு குடும்பத்தின் செல்வத்தை அவள் நகையைக் கொண்டு அளப்பதில்லை. எத்தனை பேரைப் படுக்கவைக்க முடியும் என்பதே அவளுடைய அளவுகோல்.

அந்த அளவுகோலின்படி நாங்கள் பெருஞ்செல்வர்கள். அப்பாயிக்குப் பிள்ளைகள் அறுவர். அவர்கள் வழி வந்த நாங்கள் இருபதுக்கு மேல். மருமக்கள், சம்பந்திகள், கொழும்பில் உடன் வேலை செய்யும் நண்பர்கள் என்று திருநாளுக்கு வந்து சேரும் தலைகள் முப்பதுக்குக் குறைவதில்லை. இருப்பதோ இரண்டு காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. வெள்ளைத் துரைமார் காலத்தில் வகுக்கப்பட்ட இந்த அளவு, 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் மாறவில்லை. 1992இல் அவை தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோதும் மாறவில்லை. ஆட்சிகள் மாறின, அடிக்கோல் மாறவில்லை.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனுக்கு ஏறும் பாதையில், கித்துல்கலையைக் கடந்ததும் மலை எழும்பத் தொடங்குகிறது. குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலப் படம் 1957இல் வெளிவந்ததே, அதற்காகப் பாலம் கட்டித் தகர்த்தது அங்கே ஓடும் களனி கங்கையின்மேல்தான். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பஸ், கினிகத்தேனைக்கு வந்துதான் மூச்சு வாங்கும். இதற்கும் மேலே வட்டவளை. இலங்கையில் மிகுந்த மழை பெய்யும் இடங்களில் ஒன்று. தேயிலைக்கு அந்த மழை வேண்டும், தீபாவளிக்கு வேண்டியதில்லை. ஆனால் ஐப்பசி மழை எங்களைக் கலந்தாலோசித்துப் பெய்வதில்லை. நண்பகல் கழிந்தால் இடி. பின்னர் கொட்டும் மழை. தகரக் கூரையில் விழும் அந்த ஓசையில் பட்டாசின் சத்தமே எடுபடாது. நனைந்துபோன பட்டாசை அடுப்பு மேட்டில் வைத்து உலர்த்த முயன்ற சிறுவர் இருவரை அப்பாயி விறகுக் கட்டையுடன் துரத்திய ஆண்டும் ஒன்றுண்டு. அன்று அவள் கண்ணயர்ந்திருந்தால் புதிய லயம் கட்டித்தர வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துக்கு வந்திருக்கும்.

கொழும்பு நகைக்கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கும் தம்பிமார், ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் தங்கைமார், யார் வீட்டிலோ சமைத்துப்போடும் சின்னம்மா ஆகியோர் இரவு பஸ்களில் நின்றபடியே வந்து விடியலில் இறங்குவார்கள். பதுளைப் பக்கத்து மாமா குடும்பம் கோச்சியில் நாவலப்பிட்டிவரை வந்து, அங்கிருந்து பஸ் ஏறும். வந்தவர்களுக்கு முதல் உபசாரம் தேத்தண்ணி. இரண்டாவது உபசாரம் கேலி. “என்ன மாப்ளே, கொழும்புத் தண்ணி வயித்துக்கு நல்லா ஒத்துக்கிச்சு போல!” என்று பெரியப்பா ஒருவனின் வயிற்றைத் தட்டினால், அன்று முழுவதும் அந்த வயிறு லயத்தின் பொதுச் சொத்து.

இரவில் படுக்கை ஒழுங்கு அப்பாயியின் தனி அதிகாரம். ஆண்கள் இஸ்தோப்பில், பெண்கள் உள்ளே, பிள்ளைகள் குறுக்காக. ஒருவர் புரண்டால் அனைவரும் புரளவேண்டும். பதுளை மாமாவின் குறட்டை எழுந்ததும், “கொழுந்து லொறி மேடேறுகிறது” என்று இருட்டில் ஒரு குரல் அறிவிக்கும். “கியர் மாத்துது” என்று மறுமூலையிலிருந்து இன்னொரு குரல். சிரிப்பு அறை முழுவதும் ஓடி, பக்கத்துக் காம்பராவுக்கும் சுவரைத் தாண்டிச் செல்லும். கூரைவரை எழும்பாத சுவரின் நன்மை அது ஒன்றே.

பலகார வேலையைப் பற்றி எழுதும்போது ஓர் உண்மையை மறைக்க மனம் வரவில்லை. முறுக்குப் பிழியும் கைகள் பெண்களுடையவை. அதே கைகள் தீபாவளிக்கு முதல்நாள்வரை மலையில் கொழுந்து பறித்தவை. குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப் பேர்தான் விழும் என்பதால், அத்தைமார் அன்றும் கூடையைச் சுமந்து ஏறுவார்கள். மாலையில் இறங்கி வந்து படங்கை அவிழ்த்த கையோடு மாப்பிசைய அமர்வார்கள். ஆண்களாகிய நாங்கள் சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போடுவதையே பெரும் இராஜதந்திரமாகக் கருதி, ஈரல் யாருடைய கூறில் விழுந்தது என்று ஒரு முற்பகல் முழுவதும் வாதிப்போம். விடுமுறை என்ற சொல் பெண்களை எட்ட இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. சென்ற சில ஆண்டுகளாகக் கொழும்பிலிருந்து வரும் தங்கைமார் தம்பிகளின் கையில் தேங்காய்த் துருவியைக் கொடுத்து உட்காரவைத்துவிடுகிறார்கள். தோட்டத்துக்கு வந்த மாற்றங்களுள் மெச்சத்தக்கது இது.

தீபாவளியன்று காலையில் முதல் தட்டு கோயிலுக்கு. இரண்டாவது தட்டு ஓடைக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்துக்கு. அங்கே அப்பாயியின் வயதையொத்த ஒரு தோழி இருக்கிறார். அவர் அப்பாயியை “அக்கே” என்று அழைப்பார். சித்திரைப் புத்தாண்டுக்கு அவர் வீட்டிலிருந்து பாற்சோறும் கொண்டைப் பணியாரமும் வரும். 1983 ஜூலையில் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி அவருடைய வீட்டுப் பரண்மீது இருந்தது. அதைப்பற்றி இருவரும் பேசுவதில்லை. முறுக்கில் உப்புக் கூடிவிட்டது என்பதைப்பற்றித்தான் பேசிக்கொள்வார்கள்.

விருந்தாளி என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் ஒரு வரலாறு உண்டு. ஊரில் எவர் வீட்டுக்கும் எவரும் வரலாம். தோட்டத்தில் வீடு துரையுடையது, வழி துரையுடையது, ஆகவே வந்தவர் அத்துமீறியவர். தொழிற்சங்கம் அமைக்க வந்தோர்மீது பாய்ந்தது இந்த அத்துமீறல் சட்டமே. இங்கிருந்து பஸ்ஸில் சிறிது நேரத்தில் சென்றுவிடக்கூடிய நாவலப்பிட்டியில், 1937 ஏப்ரல் 3ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சியின் கூட்டமொன்று நடைபெற்றது. இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயா அதில் கலந்துகொண்டார். தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர் அந்த மேடையில் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசினார். தேசாதிபதி அவரை நாடு கடத்த ஆணை பிறப்பித்தார். நீதிமன்றம் அந்த ஆணை செல்லாதென்று தீர்ப்பளித்தது. வெள்ளையருக்கே இந்த வரவேற்பு என்றால், லயத்துக்கு வந்த மைத்துனனுக்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்கும்!

அப்பாயி அதைக் கதையாகச் சொல்லுவாள். 1950களில் ஒரு தீபாவளிக்கு, வேறு தோட்டத்தில் வேலை நிறுத்தம் ஒன்றில் சேர்ந்து பத்துச்சீட்டு வாங்கிய அவளுடைய தம்பி வந்து தங்கிவிட்டார். செய்தி பெரட்டுக் களத்துக்கு எட்டிவிட்டது. கணக்கப்பிள்ளை லயத்தைச் சோதிக்க வருகிறார் என்று தெரிந்ததும், தம்பியைக் கம்பளியால் மூடிப் படுக்கவைத்து, “அம்மை போட்டிருக்கிறது” என்று சொல்லிவிட்டாள். வாசலில் வேப்பிலை செருகவேண்டுமே; இந்தக் குளிரில் வேப்பமரத்துக்கு எங்கே போவது? கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு தழையைச் செருகினாளாம். கணக்கப்பிள்ளை அந்தத் தழையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், வாசற்படி ஏறாமலே திரும்பிவிட்டார். “அவருக்குந்தான் அன்னிக்குத் தீவாளி” என்று முடிப்பாள் அப்பாயி. நாங்கள் இக்கதையை நூறு முறை கேட்டிருக்கிறோம். தழை வருகிற இடத்தில் நூறு முறையும் சிரித்திருக்கிறோம்.

கணக்கப்பிள்ளையிடம் தப்பிய அந்தத் தம்பி, கணக்கிடம் தப்பவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எங்கள் மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஆட்டிறைச்சிக்குக் கூறு போடும்போதாவது கூறுக்குரியவர் பக்கத்தில் நின்று வாதாடலாம். 1970களில் அவர் குடும்பத்தோடு அட்டனில் கோச்சியேறித் தலைமன்னாரில் கப்பலேறினார். அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் அழுகைக் கோச்சி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இங்கே இந்தியக்காரர் எனப்பட்டவர், அங்கே சிலோன்காரர் ஆனார். நாடற்றோராய் இங்கே எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதற்குள் எத்தனை பாய்கள் சுருட்டப்பட்டுவிட்டன!

அவருடைய மகன், எங்கள் கோத்தகிரி மாமா, அண்மையில் ஒரு தீபாவளிக்கு வந்தார். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023இல் கப்பல் மீண்டும் தொடங்கியதால் இயன்ற வருகை அது. “அத்தை” என்று அப்பாயியின் காலைத் தொட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து நீட்டினார். கோத்தகிரித் தேயிலை! தேயிலை மலைக்கே தேயிலை கொண்டுவந்த மனிதரைக் கண்டு லயமே கூடிச் சிரித்தது. மாமா சற்றும் நாணவில்லை. எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “உலகத்துக்கே நல்ல தேயிலை அனுப்புற ஊருன்னு சொன்னாங்க. நீங்க குடிக்கிறது இந்தத் தூளா?” என்று கேட்டார். சிரிப்பு அடங்கிவிட்டது. நல்லது கப்பலேறுகிறது, எங்கள் கோப்பைக்குத் தூள் வருகிறது. “அங்கே எப்படி, மாமா?” என்று தங்கை கேட்டாள். “அங்கேயும் அதே தூளுதான். இது உங்களுக்காகக் கடையில வாங்குனது” என்றார். பிறகு இரண்டையும் கலந்து ஒரே பானையில் போட்டுக் குடித்தோம். சுவை நன்றாகவே இருந்தது.

இத்தனை குதூகலத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் உரிமை வாசகர்க்கு உண்டு. திருநாள் முற்பணம் என்ற ஒன்றைத் தோட்ட நிர்வாகம் தருகிறது. பெயரே சொல்வதுபோல் அது பரிசன்று. பின்வரும் மாதங்களின் சம்பளத்தில் தவணை தவணையாகக் கழிக்கப்படும் கடன். நாங்கள் ஒரு நாள் சிரித்ததற்குப் பல மாதங்கள் தவணை கட்டுகிறோம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் நிறைவேறியது. அடுத்த ஆண்டே அந்த ஆயிரத்தை விலைவாசி விழுங்கியது. 2022 தீபாவளியில் கோதுமை மா விலை கைக்கெட்டாமல் போனதால் ரொட்டியே அருமைப் பண்டமாயிற்று. பலகாரம் இல்லை, விருந்தாளிகள் மட்டும் தப்பாமல் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு சிறு பொட்டலம் கொண்டுவந்திருந்தார்கள்: ஒருவர் சீனி, ஒருவர் பருப்பு, ஒருத்தி கொஞ்சம் பால்மா. உண்மையில் வெறுமையாய்க் கழிந்த தீபாவளி 2020இல் வந்ததுதான். நோய்த்தொற்றின் காரணமாக அந்த நவம்பரில் மேல் மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை விதித்தார்கள். கொழும்புப் பிள்ளைகள் எவரும் வரவில்லை. பாய்கள் மிஞ்சின. அப்பாயி அன்று பலகாரச் சட்டியை அடுப்பில் ஏற்றவேயில்லை.

தோட்டத்து மக்களுக்குத் தனி வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்ற பேச்சு 2015 முதல் கேட்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்று அறிவித்தார். எங்கள் சித்தப்பா ஒருவருக்கு வேறு தோட்டத்தில் அப்படியொரு வீடு கிடைத்தது. இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, உள்ளேயே குளியலறை. அதைக் காண அப்பாயியை அழைத்துச் சென்றோம். ஒவ்வோர் அறையாக நடந்து பார்த்தாள், சுவரைத் தட்டினாள், குழாயைத் திறந்து மூடினாள். பிறகு கூடத்தின் நடுவில் நின்று, விரலால் தரையில் பாய் பாயாக எண்ணினாள். “பதினாலு பேரு தாராளமாப் படுக்கலாம்” என்றாள். சித்தப்பாவின் முகம் சற்று வாடியதை நாங்கள் பார்த்தோம். அடுத்த தீபாவளி அவர் வீட்டில் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

திருநாள் முடிந்த மூன்றாம் நாள் பஸ்கள் எங்கள் கூட்டத்தை மீண்டும் இறக்கிக்கொண்டு போகும். எங்கள் கைக்கு எஞ்சும் வேலை இரவல் பொருள்களைத் திருப்பிக் கொடுப்பது. பாய்கள் மேட்டு லயத்துக்கு; பெரிய தாச்சி கோயிலுக்கு; தோழியின் பாத்திரம் வெறுமையாகப் போகலாகாது என்பதால் அதில் கொஞ்சம் அதிரசம். ஒவ்வோர் ஆண்டும் உரிமையாளர் யாரென்று தெரியாத ஒரு தட்டோ தம்ளரோ மிஞ்சிவிடுகிறது. இப்போது எங்கள் அடுக்களையில் அத்தகைய தட்டுகள் ஒன்பது இருக்கின்றன.